சாட்சிக் கையெழுத்து

காலை ஆறேகால் யூனிட் வண்டி.
கும்மிடிப்பூண்டியில் பாதிப் பெட்டி இறங்கிவிடுகிறது
டிபன் டப்பாக்களோடும் கழுத்து அட்டைகளோடும்.
அந்தக் கேட்டில்தான் நானும் வகுளாவும்
ஏழு வருஷம் கார்டு அடித்தோம்.
பேட்டரி கம்பெனி. ஈயத்துக்கு முறிவென்று
ஆளுக்கொரு துண்டு வெல்லம் தருவார்கள்.
என் துண்டையும் அவளே தின்பாள்,
எனக்கு ஈயம் ஏறினால் ஏறட்டும் என்று.

எளாவூர். ஆரம்பாக்கம்.
பத்து மாசம் முன்னால் இங்கே இறங்கினேன்,
வாழையிலையில் சுற்றிய மாலையோடு.
அடுத்த ஸ்டேஷன் தடா.
தெலுங்கில் அது வெறும் ஊர்ப்பெயர்.
எனக்கு அன்று தமிழில்தான் வாசிக்க வந்தது.
மாலையை பெஞ்சில் வைத்தேன்.
எதிர் வண்டி வந்தது, ஏறிவிட்டேன்.

பெஞ்சலய்யா வேண்டாம்டி என்று சொன்னவள் நான்.
மொட்டை மாடியில், துணி காயப்போடுகையில்,
காரணம் எதுவும் இல்லாமல்.
சொன்னது அவர் காதுக்கும் போனது.
பத்தொன்பது வருஷம் அவர் அதை
ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இன்று தடா தாண்டிவிட்டது.
பலகைகளில் ஒவ்வோர் எழுத்தின் தலையிலும்
சின்னதாய் ஒரு டிக்,
யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும்
சரி சரி என்று திருத்தியதுபோல.
கிழக்கே கருவேலத்துக்கு அப்பால்
வெயிலில் தகரமாய் ஏரி.
மன்னிப்புக்கு ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன்.
அக்கம்பேட்டையில் அது நீளமாகத் தோன்றியது,
பாதியை வெட்டினேன்.

சூலூர்பேட்டையில் நிற்கிறாள்,
கையில் பச்சை ஃபைல்.
கட்டிக்கொள்ளவில்லை, இளைத்துட்ட என்றும் சொல்லவில்லை.
"நல்ல நாள்ல வந்த தில்லூ, கரண்ட் ஆபீஸ் போகணும்.
தனியா போனா ரேபு ரா, ரேபு ராங்கறான்."

டோக்கன் முப்பத்தொன்று.
பத்தொன்பதில் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.
படிக்கட்டில் உட்கார்ந்து புளிஹோரா தின்றோம்,
ஒரே மூடியில்.
அவள் மகன் நெல்லூரில் பாலிடெக்னிக்,
என் மகளுக்குக் கண்ணாடி,
வேர்க்கடலையை அவள் என் பக்கம் ஒதுக்கினாள்.
வாக்கியம் தொண்டைக்கு வந்தது.
அதற்குள் இருபதைக் கூப்பிட்டார்கள்.

மீட்டர் பெஞ்சலய்யா பெயரில்.
மாற்ற வேண்டும். எல்லாக் காகிதமும் இருந்தது,
சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைந்தது.
குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து
"ஈமெ எவரு?" என்றார்.
"மன மனிஷி" என்றாள் வகுளா,
ஃபைலிலிருந்து தலை தூக்காமல்.

இன்னார் இறந்தது எனக்கு நேரில் தெரியும்
என்று அச்சடித்திருந்தது. கீழே தேதிக்கு ஒரு கட்டம்.
தெரியுமா என்று கேட்டார்.
அவள் சொல்ல வாயெடுத்தாள்.
நான் முந்திக்கொண்டேன்:
நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை, விடியற்காலை.
காலையும் கிழமையும் அந்தக் கட்டத்துக்கு வேண்டியதில்லை.
வகுளா திரும்பி என்னைப் பார்த்தாள்,
டோக்கன் முப்பத்திரண்டு வந்து
முழங்கையால் இடிக்கும்வரை.

தமிழில் கையெழுத்துப் போட்டேன்.
குமாஸ்தா காகிதத்தை ஒருமுறை தலைகீழாய்த் திருப்பி
நேராக்கி
முத்திரை குத்தினார்.

திரும்புகிற வண்டி ஐந்து இருபதுக்கு.
பிளாட்பாரத்தில் முறுக்குப் பொட்டலம் திணித்தாள்,
நான் வேண்டாம் என்றேன், பிடி என்றாள்.
"அன்னிக்கு ஆரம்பாக்கம் வரைக்கும் வந்தேன்டி."
வெட்டி வெட்டி மிஞ்சியது அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள்.
"அங்க டீ நல்லா இருக்காது" என்றாள்.
"குடிக்கல."
"நல்லவேளை."

வண்டி நகர்ந்தது.
கூடவே நாலடி நடந்தாள், பச்சை ஃபைலால் வெயில் மறைத்து.
பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல்
கத்தினாள். பாதிதான் கேட்டது.
மாசம் எவ்வளவு யூனிட் என்பதுபோல.
இல்லை, மறுபடி எப்போ என்றா?
தடா வரை யோசித்துக்கொண்டே
முறுக்கைப் பிரித்தேன்.
உள்ளே, காகிதத்தில் மடித்து,
ஒரு துண்டு வெல்லம்.