றப்பர்

எங்களூரில் வல்லின ற போட்டுத்தான் சொல்வது.
நாக்கு அண்ணத்தில் ஒருமுறை
தேய்ந்துவிட்டு வரவேண்டும்.
பேப்பரில் அச்சாகும் ரப்பருக்கு
அந்தத் தேய்ப்பு கிடையாது.

தேய்ப்பதுதான் அர்த்தமே.
பி.ஏ. ஆங்கிலம், இரண்டு அரியர்,
அதில் ஒன்று மொழி வரலாறு.
ஒரு காலத்தில் அந்தச் சொல் முரட்டுத் துண்டு.
அப்புறம் ஓர் ஆள்:
குளிப்பறையில் அடுத்தவன் முதுகைத் தேய்த்துவிட்டு
கூலிக்கு நிற்கிறவன்.
கத்தி தீட்டும் கல்லுக்கும் அதே சொல்.
சீட்டாட்டத்திலும் ஒரு றப்பர் உண்டு,
அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது.
அந்தக் கேள்விக்குத்தான்
நான் நாலு பக்கம் எழுதித் தோற்றேன்.

பென்சில் பிழையை அந்நாளில்
ரொட்டித் துணுக்கால் துடைத்தார்களாம்.
கடல்தாண்டி வந்த பிசின் கட்டியை
யாரோ தாளில் தேய்த்துப் பார்த்தார்.
பிழை போயிற்று.
ரொட்டி பிழைத்தது.
கட்டிக்குத் தேய்ப்பான் என்று பேர் விழுந்து
கட்டியிலிருந்து பாலுக்கு,
பாலிலிருந்து மரத்துக்கு,
மரத்திலிருந்து எங்கள் மலைக்கு ஏறியது.
அதன் சொந்தக் காட்டில் வேறு பேர் இருந்தது.
அழுகிற மரம் என்று பொருள் சொல்வார்கள்,
நிச்சயமில்லை.
அழிப்பான் முதலில் அழித்தது அதைத்தான்.

களியலுக்கு மேலே, மணி மூன்று.
நெற்றியில் லைட் கட்டி நானும் லீதியாளும்
ஆளுக்கு முந்நூறு மரம்.
முந்தாநாள் கீறலில் உறைந்த ஒட்டுப்பாலை
நுனி பிடித்து இழுத்தால்
ஒரே வரியாய் உரிந்து வரும்.
அதை உரித்த பிறகே புது வரி,
இடமிருந்து வலம், தமிழ் போலவே,
கொஞ்சம் கீழே சரிந்து.
கத்தி ஒரு நூல் ஆழம் போனால்
மரம் முண்டு வைத்துக்கொள்ளும்.
ஆயுசுக்கும் மறக்காது.

சிரட்டைகளில் சொட்டு விழுகிற நேரம்
கட்டன்சாயாவோடு லீதியாளிடம்
இந்தக் கதையைச் சொன்னேன்.
"வெள்ளக்காரன் அழிப்பான்னு சொன்னத
நாம பாலுன்னு சொல்லுதோம்.
ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்லுதான்."

பொய் சொன்னது பென்சில்.

சூப்பர்வைசர் கனகமணி பென்சிலில்தான் எழுதுவார்,
மை மழையில் கரையும் என்பார்.
சம்பள நாளன்று ஆறாம் பிளாக்கில்
லீதியாளின் பதினான்கு நாள்
ஒன்பதாகியிருந்தது.
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
எண்ணைச் சுற்றி அது மெலிந்து
பஞ்சாய்ச் சிலிர்த்து நின்றது.

அவர் மேஜைமேல் இருந்த வெள்ளைக் கட்டி
எங்கள் பால்கூட இல்லை.
இப்போது அது பிளாஸ்டிக்.
மரத்தை மலையில் விட்டுவிட்டு
சொல் மட்டும் இறங்கிப்போய்
தன் பழைய வேலையில் சேர்ந்திருந்தது.

லீதியாள் சத்தம் போடவில்லை.
மறுநாள் மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து
ஸ்கேலை எடுத்து வந்தாள்.
மாதம் ஒன்றாம் தேதி
கனகமணி தன் கையாலே வைத்த
சிவப்புப் பெயிண்ட் புள்ளியிலிருந்து
கடைசி வெட்டுவரை அளந்தாள்.
"ஒரு வெட்டுக்கு ஒண்ணர மில்லி பட்ட.
இங்க இருவத்தொண்ணு இருக்கு.
வகுத்துப் பாருங்க சார்."

அடுத்த மரம் என்றார்.
அதிலும் இருபத்தொன்று.
மூன்றாவதில் இருபத்திரண்டு.
லீதியாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்,
என்றைக்கோ கை தவறியிருக்கிறது.

கனகமணி வெகுநேரம் பட்டையைப் பார்த்தார்.
ஒரு பூச்சி லைட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.
பிறகு நோட்டை விரித்து
காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பேனா" என்றாள் லீதியாள்.

என்னிடம் ஒன்று இருந்தது,
அரியர் பரீட்சைக்கு வாங்கியது.