முப்பத்தொன்றாம் கட்டை

சாவி இன்னும் என்னிடம்தான்.
படம் நின்று இருபத்தாறு வருஷம்,
ஆனாலும் தினமும் போய்த் திறக்கிறேன்.

சன்னல் எல்லாவற்றையும் செங்கல் வைத்து
அடைத்துவிட்டார் தௌக்கே.
உச்சியில் ஒரு பொந்து மட்டும்.
ஏழு மணி ஆட்டத்துக்கு மணியடிக்கிற அதே நேரம்
லாயாங் குருவிகள் கூட்டம் கூட்டமாய் இறங்கும்.
ஸ்பீக்கரில் பகலெல்லாம் குருவிச் சத்தம்,
ஒரே வசனம். பாட்டில்லை, சண்டையில்லை.
தினமும் ஹவுஸ்ஃபுல்.

அன்றைக்கும் கையில் டார்ச். இன்றைக்கும் டார்ச்.
இப்போது உத்தரத்தில் அடித்துக் கூடு எண்ணுகிறேன்.
அப்போது காலைப் பார்த்து அடிப்பேன்:
தோட்டத்து ரப்பர் செருப்பு, கிராணியின் பூட்ஸ்,
சம்பள வாரத்தில் புதுக் கொலுசு.
பலகை சீட்டு எழுபது காசு
(எண்பது என்று கோப்பிக்கடையில் சண்டைக்கு வருவான் பிலவேந்திரன்,
வரட்டும், கிழித்தது நான்).
மெத்தை சீட்டு ஒன்றே கால் வெள்ளி.
மூட்டைப்பூச்சி மெத்தையில்தான்.

முகத்தில் மட்டும் அடிக்காதே என்பார்
ஆபரேட்டர் சவரிராயன்.
'இருட்டுக்கும் சேர்த்துத்தான்டா காசு குடுத்திருக்கான்.
அதைத் திருடாதே.'

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் கூயின் மோட்டல்.
பத்து அறை, பச்சை நியான்,
கடைசி எழுத்து ஒருநாளும் எரிந்ததில்லை.
ஈப்போ பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்,
மருந்து விற்க வந்தவர்கள்,
பேரை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்.
அப்புறம் ஹைவே வந்தது.
எங்கள் கட்டையை யாரும் எண்ணாமல் போனார்கள்.
இப்போது அங்கே கார் கழுவுகிறார்கள்.
நுரை வழிந்து இறங்குகிற இடம்
ஏழாம் நம்பர் குளியலறை.
சொன்னால் அந்த நேப்பாளப் பையன்
தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைத் திருப்புவான்.

ஈயக் குட்டையில் அன்னப் படகுகூட விட்டார்கள்.
அரை மணிக்கு இரண்டு வெள்ளி.
மூன்றில் ஒன்று மூழ்கியது, ஒன்றைக் காணோம்,
மூன்றாவதில் பாக் மான் கோழி அடைக்கிறார்.
முட்டையிடுகிற அன்னம் என்போம்.
அவர் சிரிப்பதில்லை.

ஒரே ஒரு தடவை முகத்தில் அடித்தேன்.
சிரிப்புக் காட்சி, கொட்டகையே குலுங்கியது.
மூன்றாம் வரிசை ஓரத்தில் தவமலர்,
மோட்டலில் அறை துடைக்கிறவள்,
அழுதுகொண்டிருந்தாள்.
கை மறைத்துக் கண்ணைச் சுருக்கி,
'படம் நல்லா இருக்குண்ணே' என்றாள்.
நான் வெளிச்சத்தைத் தரையில் போட்டு நகர்ந்தேன்.
வேறென்ன செய்திருக்கலாம் என்று
இருபத்தாறு வருஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் விடியலில் ஜொகூர் பஸ் ஏறிப் போனாள்
என்றார்கள்.
கூட்டிப் பெருக்கும்போது சீட்டுக்கடியில்
கச்சான் தொலியோடு ஒரு சாவி,
ஏழு என்று எழுதிய சிவப்புப் பிளாஸ்டிக் அட்டையோடு.
திருப்பிக் கொடுக்க நினைத்தேன்.
மிஸ்டர் கூய் கேள்வி கேட்பார் என்று
நாளைக்கு நாளைக்கு என்று வைத்தேன்.
அட்டை கெட்டியாக இருந்தது,
தியேட்டர் சாவியை அதில் மாட்டிக்கொண்டேன்.
குருவிக்கூடு வாங்க வருகிறவர்கள்
ஏழாம் நம்பர் கட்டடம் என்றே சொல்கிறார்கள்.

போன செவ்வாய் கரண்ட் போனது.
ஸ்பீக்கர் நின்றதும்
குருவிகள் பொந்தருகே வந்து வந்து திரும்பின.
உள்ளே கும்மிருட்டு.
யாரும் விசிலடிக்கவில்லை.
யாரும் பலகையைத் தட்டவில்லை.
'டேய் ஆபரேட்டர், தூங்குறியா?'
என்று கத்தியது நான்தான்.
கத்திய பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் நின்றேன்,
டார்ச்சைத் தரையில் அடித்தபடி.
எச்சத்துக்கு நடுவே என் இரண்டு கால்.
கரண்ட் வந்தது, குருவி கத்தியது,
பூட்டிவிட்டுப் பசியாறப் போனேன்.