பூஜ்ஜியம் யூனிட்

அந்தச் சந்தில் நாற்பத்தொரு மீட்டர்.
வெள்ளிக்கிழமைக்குள் பழையதைக் கழற்றிப்
புதியதை மாட்ட வேண்டும்.
தாராவியில் வெயில் நேராக இறங்குவதில்லை,
தகரங்களில் பட்டுப்பட்டுத்
தவணை முறையில் வருகிறது.
டார்ச் அடித்துத்தான் திருகாணி தேடினேன்.

இருபத்தேழாம் பெட்டியின் அடியில்,
கேபிள் நுழையும் ஓட்டையில்,
ஒரு குழல்.
ஸ்ட்ரா கனம். மெழுகுப் பழுப்பு.
அதன் வாயைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள்
கடுகுக்குக் கண் முளைத்ததுபோல்
என்னைப் பார்த்தன.

"கொசுத்தேனீண்ணே" என்றாள் இசக்கியம்மாள்,
இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே.
"கொட்டாது. கோவம் வந்தா
தலைமயிருக்குள்ள பூந்துக்கும், அவ்வளவுதான்."

லியாகத் பாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு
மும்ப்ராவுக்குப் போய்ப் பதினாலு மாசம்.
சக்கரம் சுற்றவில்லை.
பதிவேட்டில் மாதாமாதம் நானே எழுதியது:
பூஜ்ஜியம் யூனிட். ஆளில்லை.

மூடியை விரலளவு நெம்பினேன்.
உள்ளே, இருட்டில் திராட்சை காய்த்ததுபோல்
தேன் குடங்கள், மகரந்தக் குடங்கள்,
கொத்துக் கொத்தாய்த் தொட்டில்கள்,
கொஞ்சம் புளித்த வாசனை.
ஆளில்லை என்று எழுதிய கை
கூசத்தான் செய்தது.

குழலை உற்றுப் பார்த்தேன்.
இவற்றுக்குப் பிசின் வேண்டும்.
பிசினுக்கு மரம் வேண்டும். இங்கே ஏது?
ஒரு வளையம் செருப்புப் பட்டறைப் பசை.
ஒரு வளையம் தார்.
ஒரு வளையம் நீலம்,
யாரோ கதவுக்கு அடித்த பெயின்ட்,
காயுமுன் திருடியது.
இதையெல்லாம் வாயில் சுமந்து வந்தால்
குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்று
யாரிடம் கேட்பது?

பூவுக்கு எங்கே போகின்றன என்றேன்.
மாடியைக் காட்டினாள்:
ரசாயன டிரம்மில் முருங்கை,
டால்டா டப்பாவில் துளசி, மிளகாய்,
அப்பால் ஆற்று முகத்துக் கண்டல்.
"முந்தி மிளகா பூவாவே உதிரும்.
இதுங்க வந்த பிறகு காயி.
என்ன உரம் போடறேன்னு
பக்கத்து வீட்டுக்காரி முறைக்கறா."

போனில் சூப்பர்வைசர் பரப்:
"இருபத்தேழு என்ன ஆச்சு?"
"கையெழுத்துப் போட ஆளில்லை, சாப்."
பொய் இல்லை. பாதி உண்மை.
"ஒரு மாசம் பார். அப்புறம் பிடுங்கி எறி."

எனக்குத் தெரிந்தது குழாய் இழுப்பது.
மின்சாரத்தைத் துண்டித்தேன்.
அரை அங்குல பிவிசி, இரண்டு வளைவு,
டீத்தூள் வந்த பலகைப் பெட்டி ஒன்று.
மீட்டரின் வாயைப் பெட்டிக்குள் திருப்பிப்
பெட்டிக்கு வேறு வாசல் வைத்தேன்.
இனி அதன் வழியாகத்தான் போக்குவரத்து.
மனம் வந்தால் அங்கேயே குடம் வனையட்டும்.
ராணி வருவாளா?
வயர்மேனுக்கு ராணிகளின் பழக்கம் தெரியாது.

பதினொன்றாம் நாள்
புது வாசலில் ஒரு வளையம். ரோஸ் நிறம்.
கணபதி பட்டறை திறந்துவிட்டார்கள் போல.

அன்றிரவு அம்பர்நாத்தில்
தலை துவட்டும்போது ஒன்று விழுந்தது.
துண்டில் ஒரு கரும்புள்ளி, நடந்தது.
அரைக் கிலோமீட்டர்தான் இவற்றின் உலகம் என்பார்கள்.
இங்கே ஜன்னலைத் திறந்துவிட்டால்
அதற்குப் பெயர் விடுதலை இல்லை.

காலை ஆறு நாற்பத்திரண்டு லோக்கல்.
டிபன் டப்பாவின் மேல்தட்டில் நாலு ஓட்டை,
சர்க்கரைத் தண்ணீர் தொட்ட பஞ்சு.
கீழ்த்தட்டில் என் எலுமிச்சைச் சாதம்.
டோம்பிவலியில் கூட்டம் ஏறியபோது
டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.
"என்ன, பாயசமா?" என்றான் ஒருவன்.
"ஆமாம், சிந்திவிடும்" என்றேன்.

பெட்டியின் முன் மூடியைத் திறந்தேன்.
அது உடனே போகவில்லை.
மீசையைத் துடைத்தது.
ஒரு இறக்கையை மட்டும் உதறிப் பார்த்தது.
இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு
இசக்கியம்மாளும் வந்து நின்றாள்.