கண்ணில் இருக்கும்வரை ஒரே பாம்பு

சொல், புசாபி. கத்தாமல் சொல்.
படுக்கையறையா?
பையன் எங்கே?
உன் இடுப்பிலா? நல்லது, இறக்கிவிடாதே.
நடுங்குகிறாயா? நடுங்கு.
படையே நடுங்கும் என்கிறார்கள்,
நீ ஒருத்தி நடுங்கினால் என்ன.

பின்வாங்கு. ஐந்து எட்டு.
இல்லை, ஆறாக வைத்துக்கொள்.
அது துப்பும்; மூன்று மீட்டர் அதற்கு ஒன்றுமில்லை,
குறியும் தப்பாது.
தாத்தாவோ கணவனோ போடுகிற கண்ணாடி
ஏதாவது இருந்தால் மாட்டிக்கொள்.
கூடத்துக் கதவடியில் ஒரு துண்டைச் செருகு.
பிறகு பார்த்துக்கொண்டே இரு.
கண்ணில் இருக்கும்வரை ஒரே பாம்பு.
கண் தவறினால்
வீடெல்லாம் பாம்பு.

வந்துகொண்டிருக்கிறேன்.
சிபோஃபனேனி சாலையில் மாடுகள்
நடுத்தெருவில் படுத்து அசைபோடுகின்றன.
விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறேன்,
ஒன்று எழுந்து
மற்றொன்றைப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறது.
வலப்பக்கம் கரும்புக்காடு எரிகிறது.
நாளை வெட்டுவதற்கு இன்று தீ.
அதற்குள் இருந்ததெல்லாம்
எங்கே போகும் என்று
ஆலையில் எவரும் கேட்பதில்லை.
இரவில் உங்கள் கதவிடுக்குகள்தான் கேட்கின்றன.

யார் அது பின்னால் பேசுவது?
பக்கத்து வீட்டு ம்சிபியா?
கையில் என்ன?
போனை அவரிடம் கொடு.

ஐயா, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.
தெரியும். முன்பு இரண்டை அடித்திருக்கிறீர்கள்.
எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு அடித்தார்.
ஐந்தாவதற்கு முதுகில்தான் பட்டது,
அவருக்குக் கையில்.
நான்?
கண்ணாடி போடாமல் குனிந்தேன், ஒரே ஒரு நாள்.
அரைமணி நேரம் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவினார்கள்.
பாலென்று ஓடியவளைத் திட்டித் திருப்பி அனுப்பினேன்,
அப்புறம் மருத்துவமனை.
இன்றும் இடக்கண்ணில் நிலவுக்கு
ஒரு ஓரம் குறைவு.
ஆகவே மண்வெட்டி.
ஆம், சுவரில்தான்.
நன்றி ஐயா.

*

பள்ளிச் சப்பாத்துக்குப் பின்னால் இருந்தது.
முழங்கை நீளம்தான்.
சால்மன் மீன் நிறத் தொண்டை, அதில் கறுப்புப் பட்டைகள்,
தன்னைப் பெரிதாகக் காட்ட
அதனிடம் இருந்த அத்தனை தோலும் விரிந்திருந்தது.
கொக்கி, குழாய், வாளி, மூடி.
போனில் பேசிய நேரம் நாற்பது நிமிடம்,
இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை.
ம்சிபி ஏமாந்ததுபோல் நின்றார்.

கோழித்தீவனம் கட்டிலடியில்.
தீவனத்துக்கு எலி, எலிக்கு இது.
பையன் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறான்.
அந்தப் பாயை வெகுநேரம் பார்த்தேன்,
ஒன்றும் சொல்லவில்லை. புசாபியும் பார்த்தாள்.
அவளே மூட்டையை வெளியே இழுக்கத் தொடங்கினாள்.

"இனி வராதே?"
இது வராது. இன்னொன்று வரலாம்.
கதவடியை அடை.
பணம் வேண்டாம் என்றதற்கு
இரண்டு முட்டைகளைத் தாளில் சுற்றித் தந்தாள்.

காய்ந்த ஓடையருகே வாளியைச் சாய்த்தேன்.
தொலைவில் விட்டால் வழி தெரியாமல் செத்துப்போகும்,
பக்கத்தில் விட்டால் புசாபி தூங்கமாட்டாள்.
இரண்டுக்கும் நடுவே ஓர் இடம்,
ஒவ்வொரு முறையும் குத்துமதிப்புதான்.
வெளியே வந்தது, போகவில்லை.
திரும்பி நிமிர்ந்து
என் கண்ணாடியில் துப்பியது, இரண்டு கண்ணுக்கும் சரியாக.

சட்டை ஓரத்தால் துடைக்கப் போனவள்
கையை நிறுத்திக்கொண்டேன்.
தண்ணீர் பாட்டில் காரில்.
இருக்கையில் முட்டைகள்.
போன் அடித்துக்கொண்டிருந்தது.