பதினைந்து பல்

துர்க்கு நகரத்து நவம்பர்,
மூன்றரை மணிக்கே விளக்குப் போடவேண்டும்.
ஆற்றோரம் என் கடை.
பழைய கருவிகள், விலை பென்சிலில்.

காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு
உள்ளே வந்தவள் பெயர் காய்சு.
புறாவால் பொருத்து அறுக்க ஒரு ரம்பம் வேண்டுமாம்.
செய்த நான்கு இழுப்பறையும்
பெட்டிக்குள் போக மறுக்கின்றனவாம்.

வருகிறவர்கள் கைப்பிடியைத்தான் முதலில் தொடுவார்கள்.
காற்றை இரண்டு வெட்டு வெட்டுவார்கள்,
பித்தளை முதுகைச் சுண்டி ஓசை கேட்பார்கள்.
இவள் பையிலிருந்து ஒரு கண்ணாடி எடுத்தாள்,
குச்சி முனையில் காசளவு வட்டம்.
பல்வரிசைக்குக் கீழே கொடுத்து
எட்டிப் பார்த்தாள்.
'ஆ' காட்டச் சொல்லாததுதான் பாக்கி.

"நீங்கள்..." என்றேன்.
"ஆமாம், பல் டாக்டர்."

ஜப்பான் ரம்பம் ஒன்று நீட்டினேன்.
இழுக்கும்போது அறுப்பது, தாளைப்போல் தகடு,
தலைமுடி அகலத்தில் தடம் விழும்.
"வாரம் முழுக்கப் பிடுங்கி இழுக்கிறேன், தோர்ஸ்தி.
ஞாயிற்றுக்கிழமையாவது தள்ளவிடுங்கள்."

தள்ளுவதில் எட்டு இருந்தன.
பெரிய பல்லில் பிர்ச் பலகையின் ஓரம் பிய்ந்தது.
குறுக்கறுக்கத் தீட்டிய ஒன்று
நார்வாக்கில் நின்ற இடத்தில் நின்று முனகியது.
புத்தம்புதிய ஒன்று, குற்றம் சொல்ல ஏதுமில்லை,
விலையைத் தவிர;
அதிலும் அவள் வெட்டு
பென்சில் கோட்டிலிருந்து வலப்பக்கம் நழுவியது.
இருபத்தாறு வருடம்
நாற்காலிக்கு வலப்பக்கமே குனிந்து நின்ற உடம்பு
வேறு எங்கே போகும்?

கீழ்த்தட்டில் ஒன்று கிடந்தது.
ஷெஃபீல்டில் செய்தது, அங்குலத்துக்குப் பதினைந்து பல்,
கைப்பிடிக் கொம்பு ஒடிந்திருக்கும்.
எவனோ ஒருவன் பல் மடிக்கும்போது
ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாய் மடித்துவிட்டான்.
யார் பிடித்தாலும் இடப்பக்கம் ஓடும்.
இரண்டு பேர் வாங்கிப்போய்த் திருப்பித் தந்தாயிற்று.
அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள்
அவள் பலகையைப் பிடியில் இறுக்கிவிட்டாள்.

அறுத்தாள்.
மரத்தூள் சன்னமாய்க் கொட்டியது.
பாதி ஆழம்.
முழு ஆழம்.
கோட்டை விடவில்லை.

எனக்கு வியாபார நேர்மை பொங்கியது.
"பத்து நிமிடம் கொடுங்கள், இலவசம்,
இந்த மடிப்பைச் சரிசெய்து..."
குறடு எடுத்த என் கையைத் தகட்டால் மறித்தாள்:
"இந்த வாயில் நீங்கள் கை வைக்காதீர்கள்."

ஒன்பது யூரோ. பத்துத் தந்தாள்.
செய்தித்தாளில் சுற்றியும்
ஒடிந்த கொம்பு பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க
பேருந்து நிறுத்தத்தில் அவள் நிற்பது தெரிந்தது.

அந்தத் துண்டுப் பலகைமேல்
மூலைமட்டம் வைத்து விளக்கில் பிடித்தேன்.
இம்மி வெளிச்சம் நுழையவில்லை.
அதே மேசையில்
அவள் மறந்துபோன கண்ணாடி.

கடையைச் சாத்திவிட்டு,
யாரும் பார்க்கவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு,
என் கடைவாயில் மூன்று மாதமாய் வலிக்கிற இடத்துக்கு
அதைக் கொண்டுபோனேன்.