பிளக் பொயின்ற் எங்கே

அளவு நாடாவைச் சுருள விட்டுவிட்டு
டிலக்சன் கேட்கிறான்:
"அக்கா, இண்டைக்கே சொல்லுங்கோ.
தனிய நிக்கிற ஃபிரிட்ஜோ,
கபேட்டுக்குள்ள போறதோ?
பிளக் பொயின்ற் எங்க எண்டு
மேசன் காத்துக்கொண்டு நிக்கிறார்."

வட்டக்கச்சியில் காலை பத்து மணி.
பூசாத சுவரில் சோக்குக் கட்டியால்
அவன் கீறிய என் குசினி:
இங்கே தொட்டி, இங்கே அடுப்பு,
அடுப்புக்குக் கீழே போறணை,
மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி,
அதற்குள் ஒரு கேள்விக்குறி.

சுகிர்தமலர் மச்சாள்
ஸ்காபரோவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறா.
பத்துக் கதவு, பத்தும் ஒரே வெள்ளை.
எது பால், எது பீங்கான், எது குப்பைவாளி
என்று வந்தவருக்கு விளங்காது.
அவவின் சம்பந்தி
மூன்று கதவு திறந்த பிறகுதான்
தண்ணீர் குடித்தாராம்.
"எண்டாலும் பாக்க வடிவு."
காசில் பாதி அவவுடையது.
பதிலிலும் பாதி
காசோடு வந்து சேர்ந்துவிட்டது.

இவர் விரல் மடக்கி எண்ணுகிறார்.
கறன்ட் வந்து போகிற வேகத்துக்கு
கொம்பிரசர் எரிந்தால்
வவுனியாவிலிருந்து ஆள் வரவேண்டும்;
வந்தவன் கபேட்டைக் கழற்றுவானா,
ஃபிரிட்ஜைப் பார்ப்பானா?
வைகாசி வெக்கையில்
அதன் முதுகு மூச்சுவிட வேண்டாமா?
கறையான் பலகையைத் தின்றால்
கதவோடு சேர்ந்து பாலும் விழும்.
இந்த அளவுக்கு அடித்த பெட்டிக்குள்
அடுத்த முறை வாங்குவது அடங்குமா?
அளவுகளை மாற்றுவதுதானே
கம்பனிக்காரனுக்கு வேலை?

ஒன்றிலும் என்னால்
பிழை பிடிக்க முடியவில்லை.

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"தனிய நிண்டா,
ஒருநாள் தேவையெண்டா, தூக்கலாம்."

டிலக்சனுக்குப் பத்தொன்பது வயது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
நிலத்தைப் பார்க்கிறான்.
கேட்டானோ தெரியாது.

நாங்கள் ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கியிருக்கிறோம்.
கறன்ட் இல்லாத வருசங்களில்
அது எலி ஏறாத அலுமாரி.
மேல்தட்டில் காணி உறுதி,
பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள்.
கீழே அரிசி.
முட்டைக் குழிகளில் ஊசி, நூல், பற்றறி,
பஞ்சில் சுற்றிய ஒரு சோடித் தோடு.
மிசின் பெட்டியில் நிமிர்த்திக் கட்டி
தர்மபுரம் மட்டும் வந்தது,
விசுவமடு மட்டும் வந்தது.
அதற்கங்கால் மிசினுக்கு எண்ணெய் இல்லை.
பத்திரங்களைப் பையில் போட்டோம்,
அரிசியைத் தலையில் வைத்தோம்.
திரும்பிப் பார்த்தபோது
கதவு திறந்தபடி வீதியோரத்தில் நின்றது,
யாருடையதோ ஒரு கோழி
உள்ளே ஏறி இருந்தது.

தூக்கலாம் என்பது சரி.
தூக்கினோம் என்பதும் சரி.
கயிற்றின் மற்ற முனையைப்
பிடித்திருந்தவர் இவர்தான்.

"உள்ள போறதையே போடு, தம்பி" என்கிறேன்.
"சுவரோட சேத்து இறுக்கு.
ஓரம் முழுக்க சிலிக்கன் பூசு."

என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.
இவர் வாயைத் திறந்தார்.
பிறகு வெளியே போய்
மேசனிடம் சீமெந்துக் கணக்குக் கேட்டார்.

டிலக்சன் உள்ளங்கையால்
கேள்விக்குறியை அழிக்கிறான்.
முழுதாகப் போகவில்லை,
வெள்ளைப் புகையாய்ப் பரவுகிறது.
அதன் மேல், எண்ணி எண்ணி,
பென்சிலால் ஆறு புள்ளி.

"பின்னுக்குக் காத்துக்கு ரெண்டு அங்குலம் விடுறன்.
சிலிக்கன் வேண்டாம்.
ஆறு ஸ்குரூதான், அக்கா.
கழட்டிறதெண்டா பத்து நிமிசம்."

நான் அதைக் கேட்கவில்லை.
அவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப வோஷிங் மெஷின்?"

அது வெளியில், கிணற்றடியில்.
கல்சியத் தண்ணீர் குடித்து
நாலு வருசத்தில் சாகப்போவதற்கு
கதவு என்னத்துக்கு?
மேலே ஒரு தகரம் போதும்.