நேர்செய்தல்

கப்பலூர் ஆலையில் கடைசிச் சங்கு ஊதி
ஐந்து மாதம்.
பஞ்சுத் தூசி இன்னும் இருமலில் வருகிறது.
சம்பளம்தான் வருவதில்லை.

நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மாட்டுத்தாவணி பஸ் ஏறி
கோர்ட் வாசலில் இறங்கினேன்.
வக்கீல் குமாஸ்தா ஆசீர்வாதம்
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
எதையெதை ஜப்தி செய்யக் கூடாதென்று
விரல் மடக்கிச் சொன்னார்:

உடுத்திய துணி. படுக்கை.
சோறாக்கும் சட்டி. கழுத்துத் தாலி.
கூலிக்காரர் கூலி.
"பி.எஃப். பக்கம் எவனும்
தலைவச்சுப் படுக்க முடியாது, தாயி."

இத்தனையும் என்னிடம் இருப்பது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.
தாலியில் தங்கம் இல்லை,
அது திருமங்கலத்து அடகுக்கடையில்.
வெறும் கயிற்றையும் சட்டம் காக்குமா என்று
கேட்காமல் வந்துவிட்டேன்.

வியாழன் இரவு பதினொன்று நாற்பதுக்கு
போன் அதிர்ந்தது.
மகனை எழுப்பிப் படிக்கச் சொன்னேன்.
பி.எஃப். வரவு, இருபத்தெட்டாயிரத்து நானூறு.
மறுபடி படிடா என்றேன், படித்தான்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு
இன்னொரு முறை அதிர்ந்தது.
அதையும் அவனே படித்தான்,
இந்த முறை மெதுவாக.
மீதி நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது காசு.

தண்டோரா இல்லை. அமீனா இல்லை.
கதவைக்கூட யாரும் தட்டவில்லை.
தெருநாய் குரைக்கவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர்,
உட்காரச் சொன்னார்.
"எடுக்கக் கூடாத பணமில்லையா, சார்?"
"ஜப்தி கோர்ட் செய்றதும்மா.
நாங்க ஜப்தி செய்யலையே,
நேர்செஞ்சோம். அவ்வளவுதான்.
கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பாருங்க."

ஒன்பதாம் பக்கத்தின் அடியில்
ஒச்சம்மாள்,
முதல் ச-வுக்குப் புள்ளி விட்டுப்போய்.
குழுவில் பன்னிரண்டு பேர் பின்னால் நிற்க
அவசரத்தில் போட்டது.

பதினெட்டு வருஷம்
அறுந்த நூலை ஒட்டவைத்தவள் நான்.
நேர்செய்வது எனக்கும் தெரியும்:
இரண்டு முனையும்
ஒருத்தி கையிலேயே இருக்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி
அரசாங்கத்து ஆயிரம் வரும்.
அதற்குள் கணக்கை மாற்றியாக வேண்டும்.

தபால் ஆபீஸில்
பேனாவைச் சணலில் கட்டியிருந்தார்கள்.
அது எட்டுகிற தூரத்தில்
குனிந்து நின்று
வரிசை முனகினால் முனகட்டும் என்று
புள்ளியை முதலில் வைத்துவிட்டு
பெயரை எழுதினேன்.